முதிய விவசாயிகளுக்கு மின்சார சைக்கிள்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அறுபது வயதைத் தாண்டியதும் முழங்கால் வலியால் சைக்கிளை விட்டுவிட்ட விவசாயிகள் ஊருக்கு ஊர் உண்டு. வயல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால், மடை திருப்பப் போவதற்கும் மகனுடைய மோட்டார் சைக்கிளை எதிர்பார்த்திருக்க வேண்டியதாகிறது. இத்தகையோர் மீண்டும் சைக்கிள் ஏற மின்சார சைக்கிள் துணை செய்யும்.

மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுவது ஒரு வகை. கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலே ஓடுவது மற்றொரு வகை. பல வண்டிகளில் இரண்டுமே உண்டு. முழங்காலுக்கு முதல் வகையே உகந்தது. கால் அசைவு கிடைக்கும்; பளு மோட்டாரைச் சேரும். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அதற்கு மேல் வேகம் நமக்கெதற்கு?

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஏறி இறங்கும் வசதி. வயதானவர்கள் இந்த நேரத்தில்தான் எளிதில் விழுந்துவிடுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். எனவே குறுக்கே பார் இல்லாத, லேடீஸ் சைக்கிள் போன்ற வண்டியே நலம். ஊரார் சிரிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். வேட்டி கட்டுபவருக்கும் அதுவே வசதி. சீட்டில் உட்கார்ந்தபடி இரு பாதங்களும் தரையில் ஊன்ற வேண்டும். பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கிறதா என்று கடையிலேயே சோதிக்கவும்.

வண்டி இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு மேட்டில் தள்ளிப் பார்த்து வாங்கவும். வரப்பில் தூக்கிவைக்க இயலுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பல வண்டிகளில் கேரியரே இருப்பதில்லை. இருந்தாலும் 45 கிலோ யூரியா மூட்டைக்கு அது ஆகாது.

பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. முழுதாகச் சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரமே போதும். மிதித்து ஓட்டினால் சமதரையில் சுமார் முப்பது கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம். விளம்பரத்தில் காணும் தூரம் மண் பாதையிலும் எதிர்காற்றிலும் கிடைக்காது. கழற்றி வீட்டுக்குள் கொண்டு போகக்கூடிய பேட்டரியாக வாங்குங்கள். தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையின் வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். அதனுடன் வந்த சார்ஜரையே, விழித்திருக்கும் நேரத்தில் பயன்படுத்தவும். சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்ற நேரும். அதன் விலையை முன்கூட்டியே கேட்டு வைப்பது அவசியம்.

கருவேல முள் குத்திப் பஞ்சரானால், சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை உருவி உள்ளூர்க் கடையிலேயே ஒட்டலாம். டியூபை மாற்றும்போதுதான் சிரமம். மோட்டார் உள்ள சக்கரமானால் ஒயர் இணைப்பையும் கழற்ற வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் உள்ளாரா என்று விசாரிக்கவும். வாய்க்காலில் இறக்கிக் கழுவுவது கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வாங்கிய முதல் வாரம், நெல் காயவைக்கும் களத்திலோ வெறும் மைதானத்திலோ குறைந்த வேகத்தில் வைத்து ஓட்டிப் பழகிய பின் சாலைக்குப் போகலாம்.