எத்தனால் அழுத்தத்தை ஈஸ்ட் செல்கள் தாங்குவதில் மைட்டோகாண்ட்ரியச் சமிக்ஞைகளின் பங்கு

முன்னுரை

சர்க்கரையை எத்தனாலாக மாற்றும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட், தான் உண்டாக்கிய எத்தனாலாலேயே நலிவுறுகிறது. திராட்சை மது நொதிக்கையில் எத்தனால் 12 முதல் 14 விழுக்காட்டை எட்டும்போது செல்களின் வளர்ச்சி பெரிதும் ஒடுங்குகிறது. சர்க்கரை மிகுந்த சூழலில், ஆக்சிஜன் இருப்பினும், இவ்வுயிரி சுவாசத்தைக் குறைத்து நொதித்தலையே சார்ந்து வாழ்கிறது. ஆற்றலுக்காக மைட்டோகாண்ட்ரியாவைப் பெரிதும் நாடாத இந்நிலையிலும், எத்தனாலைத் தாங்க அந்நுண்ணுறுப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

எத்தனால் விளைவிக்கும் சேதம்

எத்தனால் செல்சவ்வின் கொழுப்புப் படலத்துள் புகுந்து அதன் கட்டமைப்பைத் தளர்த்துகிறது. இதனால் புரோட்டான்கள் உட்கசிந்து செல்லின் உட்பகுதி அமிலத்தன்மை அடைகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வும் பாதிப்புறும்போது, எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியிலிருந்து கசியும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர்ஆக்சைடு உருவாகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவும் சிதைவுக்கு உள்ளாகிறது. அதனை இழந்த செல்கள் சுவாசிக்க இயலாமல் சிறு குழுமங்களாகவே வளர்கின்றன. 1940களில் போரிஸ் எப்ருசி ஆராய்ந்த சிறுகுழுமத் திரிபுகள் இவ்வகையின. எத்தனாலைத் தாங்கும் திறனில் இவை இயல்பான செல்களினும் பொதுவாகக் குறைந்தவை.

சேதம் செய்தியாதல்

மைட்டோகாண்ட்ரியாவினுள் அமைந்த சாட்2 என்னும் மாங்கனீசு நொதி, சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. முன்னது சவ்வை எளிதில் கடப்பதில்லை. பின்னதோ கடந்து வெளியேற வல்லது. ஹைட்ரஜன் பெராக்சைடின் விளைவாக ஆக்சிஜனேற்றம் அடையும் யாப்1 புரதம் உட்கருவில் தங்கி, தயோரெடாக்சின், குளுட்டாதயோன் ஆகியவற்றின் ஆக்கத்திற்குரிய மரபணுக்களைத் தூண்டுகிறது. ஆகவே, சாட்2 நச்சை அகற்றும் நொதி மட்டுமன்று. உட்கருவுக்குச் செய்தி செல்ல வழிவகுப்பதும் ஆகும்.

பின்னோக்கிய சமிக்ஞை

சுவாசத் திறன் குன்றும்போது மற்றொரு வழியும் செயற்படுகிறது. இயல்பு நிலையில் எம்கேஎஸ்1 புரதம், ஆர்டிஜி1, ஆர்டிஜி3 ஆகிய இணைபுரதங்கள் உட்கருவுள் நுழைவதைத் தடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியா பழுதுறும்போது ஆர்டிஜி2 புரதம் எம்கேஎஸ்1-ஐப் பிணைத்து அத்தடையை நீக்குகிறது. உட்கருவை அடையும் இணைபுரதங்கள் சிட்ரேட் சுழற்சியின் தொடக்க நொதிகளுக்குரிய மரபணுக்களை இயக்குகின்றன. இதனால் ஆல்பா-கீட்டோகுளுட்டாரேட்டும் அதிலிருந்து குளுட்டாமேட்டும் கிடைப்பது உறுதியாகிறது. குளுட்டாமேட், குளுட்டாதயோனுக்கும் புரோலினுக்கும் மூலப்பொருள். புரோலின் எத்தனாலின் தாக்கத்தைத் தணிக்க உதவுவது. இவ்வழி எத்தனாலுக்கு மட்டும் உரியதன்று. மைட்டோகாண்ட்ரியாவின் பழுதுக்குச் செல் அளிக்கும் பொதுவான மறுமொழியாகும்.

முடிவுரை

நொதிக்கும் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் ஆலையாக மட்டுமன்றி, ஆபத்தை உணர்ந்து உட்கருவுக்கு அறிவிக்கும் உறுப்பாகவும் பயன்படுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிதளவில் செய்தி, மிகின் நஞ்சு. எனவே, எத்தனாலைத் தாங்கும் ஈஸ்ட் வகைகளைத் தெரிவு செய்வோர் உட்கரு மரபணுக்களோடு மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் நிலையையும் ஆராய்தல் இன்றியமையாதது.