இடுப்பு பெருத்தது, முதலிடம் போயிற்று!

லீவில் ஊருக்குப் போகிறவருக்குச் சற்றே தொந்தி விழுந்திருந்தால், "உத்தியோகம் ஒத்துக்கொண்டிருக்கிறது" என்று உறவினர்கள் மகிழ்வது நம் வழக்கம். ஜப்பானில் அந்தத் தொந்திக்கு டேப் வைத்து அளவு எடுக்கிறார்கள். 2008 முதல், 40 வயதிலிருந்து 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் இந்தச் சோதனை உண்டு. இடுப்பளவு ஆண்களுக்கு 85 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 90-ஐயும் தாண்டி, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்தால் ஆலோசனைக்கு அழைப்பு வரும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்பவர்கள் ஓகினாவாவைப் பார்க்கலாம். ஜப்பானின் தென்கோடித் தீவுகள் அவை. நூறு வயது தாண்டிய கிழவர், கிழவிகளுக்குப் பேர் போனவை. சர்க்கரைவள்ளிக் கிழங்கே அங்கு அந்நாளைய முக்கிய உணவு, தொட்டுக்கொள்ளப் பாகற்காய். வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் எழுந்துவிட வேண்டும் என்பது பெரியவர்கள் சொல். 1985-ல் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஆண்களின் சராசரி ஆயுளில் ஓகினாவாவுக்கே முதலிடம்.

2000-ல் அது 26-வது இடம். 2020-ல் 43-வது!

ஆயுள் குறைந்துவிடவில்லை. மற்ற மாகாணங்கள் வேகமாக முன்னேற, ஓகினாவா பின்தங்கிவிட்டது.

போருக்குப் பின் 1972 வரை அங்கு அமெரிக்க நிர்வாகம். ராணுவ முகாம்களின் வழியே டின் இறைச்சி வந்தது. 1963-ல் ஹாம்பர்கர் கடையும் வந்தது. இருந்த ரயில் பாதை 1945 போரில் அழிந்தது. 2003-ல் மோனோரயில் ஓடும் வரை பஸ்ஸும் காரும்தான். நடை குறைந்தது, மதுவும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. ஜப்பானில் பருமனான ஆண்கள் மிகுந்த மாகாணம் என்ற பெயர் ஏற்பட்டது. கிழங்கு தின்று வளர்ந்த தகப்பனார் திடமாக இருக்க, நடுவயதுப் பிள்ளை முந்திப் போகும் துயரம் பல வீடுகளில் நேர்ந்தது.

பருமனுக்கு ஆயுளில் எவ்வளவு கழிகிறது? பல நாடுகளில் ஒன்பது லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு முடிவு 2009-ல் வெளியாயிற்று. கிலோ எடையை, மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்துப் பார்க்க வேண்டும். விடை 30-லிருந்து 35 வரை வந்தால் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் போகின்றன. 40-ஐத் தாண்டினால் எட்டு முதல் பத்து. ஆயுள் முழுவதும் சிகரெட் பிடிப்பவரின் நஷ்டமும் ஏறத்தாழ இதுவே.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் மிகை எடையினர். இந்தியருக்கு டாக்டர்கள் சொல்லும் இடுப்பு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டும் பெல்ட்டின் அளவு இதற்கு உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், டேப்பைச் சுற்ற வேண்டும்.