எழுந்து உட்கார்ந்த அம்பிகாபதி!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குந்தன் படுத்திருக்கிறான். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது 2013-ல் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால், 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு மறுபடியும் வந்த 'அம்பிகாபதி'யில் அவன் சாகவில்லை. கண் விழிக்கிறான். எழுந்து உட்கார்கிறான். நண்பன் முராரியும் சிறுவயதுத் தோழி பிந்தியாவும் பூரித்துப் போகிறார்கள். சுபம்!

இந்தக் காட்சியில் தனுஷ் நடிக்கவில்லை. இயக்குநர் ஆனந்த் எல்.ராய் இதை எடுக்கவும் இல்லை. செயற்கை நுண்ணறிவை வைத்துச் செய்து ஒட்டப்பட்ட க்ளைமாக்ஸ் இது. அதுவும் தமிழ்ப் பதிப்புக்கு!

இந்தியில் 'ராஞ்ஜனா' என்ற பெயரில் 2013 ஜூன் 21-ல் வெளியான படம். தனுஷின் முதல் இந்திப் படமும் அதுதான். ஒரு வாரம் கழித்துத் தமிழில் 'அம்பிகாபதி'யாக வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசை. எழுதியவர் ஹிமான்ஷு ஷர்மா. பன்னிரண்டு வருடம் கழித்து, படத்தின் உரிமையை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனம் முடிவை மட்டும் மாற்றி ரீ-ரிலீஸ் செய்தது. ஆனந்த் எல்.ராய் கொதித்துப்போனார். ஆகஸ்ட் 3-ம் தேதி தனுஷும் எக்ஸ் தளத்தில் அறிக்கை வெளியிட்டார். தன் எதிர்ப்பைத் தெளிவாகச் சொல்லியும் மீறி வெளியிட்டுவிட்டார்கள், படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய ஆதங்கம். மூலப் படம் அப்படியேதான் இருக்கிறது, இது ஒரு மாற்று வடிவம், அதைச் செய்ய எங்களுக்கு உரிமை உண்டு என்றது ஈராஸ் தரப்பு.

சரி, ஹீரோ பிழைத்தால் நமக்கென்ன நஷ்டம்? சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாமே?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 

குந்தன் யார் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். காசியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்து அர்ச்சகரின் மகன். பள்ளி வயதிலேயே ஜோயாவின் (சோனம் கபூர்) பின்னால் சுற்றுகிறான். கையை அறுத்துக்கொள்கிறான். விஷயம் தெரிந்து வீட்டார் அவளை வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறவளின் மனதில் இன்னொருவன் இருக்கிறான். அக்ரம் என்ற பெயரில் வரும் அந்த மாணவர் தலைவன் (அபய் தியோல்) உண்மையில் ஜஸ்ஜீத் என்ற சீக்கியன். கல்யாணத்தன்று அந்த உண்மையைப் போட்டு உடைப்பது குந்தன்தான். பெண் வீட்டார் ஜஸ்ஜீத்தை அடித்துத் துவைக்கிறார்கள். அந்த அடியிலேயே அவன் செத்தும் போகிறான்.

படம் வந்தபோதே, பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று காட்டுகிறார்கள் என்ற விமர்சனம் பலமாக எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். ஆனால், படம் குந்தனைச் சும்மா விட்டுவிடவில்லை. இரண்டாம் பாதி முழுக்க அவன் அந்தச் சாவுக்கான கணக்கைத் தீர்க்க அலைகிறான். டெல்லிக்குப் போய், ஜஸ்ஜீத்தின் தோழர்களுக்கு டீ கொடுக்கும் ஆளாகச் சேர்கிறான். மெல்ல மெல்ல ஜஸ்ஜீத் நின்ற இடத்துக்கே தலைவனாக வருகிறான். ஜோயாவுக்கு அது பொறுக்கவில்லை. தன்னைத் தீர்த்துக்கட்டும் ஏற்பாட்டுக்கு அவளும் உடந்தை என்று தெரிந்தே மேடை ஏறுகிறான். கடைசியில் கட்டிலில் கிடக்கும்போது அவன் மனதுக்குள் ஓடும் பேச்சின் சாரமே, எழுந்துவிடலாம்தான், ஆனால் மறுபடியும் காதலித்து மறுபடியும் அடிபட யாரால் ஆகும் என்பதுதான். வேண்டாம் என்று படுத்துக்கொண்டவனை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள்.

முக்கோணக் காதல் கதையில் மூன்று பேர். ஒருவன் ஏற்கெனவே மண்ணுக்குள். அதற்குக் காரணமான இன்னொருவன் சிரித்த முகத்தோடு எழுந்தால், செத்தவன் கணக்கு என்ன ஆவது? புதிய முடிவில் விழும் பெரிய ஓட்டை இதுதான்.

தலைப்பையாவது யோசித்திருக்கலாம்!

'அம்பிகாபதி' என்ற பெயரே மரணத்தோடு பிறந்தது. கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதி. சிற்றின்ப வாடையே இல்லாமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர்ப்பிச்சை என்பது போட்டி. கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு முடிந்தது என்று மகிழ்ந்து எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்டதும் அவன் வாயிலிருந்து காதல் பாட்டு வந்துவிடுகிறது. எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, தலை போகிறது. 1937-ல் எம்.கே.தியாகராஜ பாகவதரும், 1957-ல் சிவாஜியும் நடித்து ஊரெல்லாம் பார்த்த கதை. இந்திப் படத்துக்குத் தமிழில் இந்தப் பெயரை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்க வேண்டும். அம்பிகாபதி பிழைத்துவிட்டான் என்றால், அவனுக்கு அந்தப் பெயர் எதற்கு?

சோக முடிவைத் தாங்க மாட்டாத ரசிகர்களா இங்கே இருப்பவர்கள்? மதுரைப் பக்கம், மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு திருவிழா இரவைக் கழித்துப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஸ்பெஷல் நாடகம் விடிய விடிய நடக்கும். பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார். அரிச்சந்திரா மயான காண்டத்தில் சந்திரமதி அழ ஆரம்பிக்கும் நேரத்தில், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அப்பத்தாக்கள் முந்தானையை எடுத்துக்கொள்வார்கள். கதை தெரியும். அடுத்த வசனம்கூடத் தெரியும். தெரிந்தே விடியும்வரை உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் மேலூர்க்காரர்களுக்குச் சொந்தமானது. தமிழின் முதல் முக்கோணக் கதை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது கோவலன், கண்ணகி, மாதவி கதைதான். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்து வரும் வழியில், கொடும்பாளூர்ப் பக்கம் பாதை மூன்றாகப் பிரிகிறது. அதில் இடப்பக்கப் பாதை திருமால்குன்றம் வழியாகப் போகும் என்கிறது சிலப்பதிகாரம். திருமால்குன்றம் என்பது அழகர்மலை. மேலூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற அதே மலை! அந்தப் பயணத்தின் முடிவில் கோவலன் மதுரையில் வெட்டுப்படுகிறான். அவன் பிழைத்திருந்தால் கண்ணகி சிலம்போடு அரசவைக்குப் போயிருக்க மாட்டாள்.

சினிமாவுக்கு வந்தாலும் இதே கதைதான். 1959-ல் ஸ்ரீதர் எடுத்த 'கல்யாணப் பரிசு' படத்தில் அக்கா, தங்கை இருவருக்கும் ஒருவன் மேல் மனம். கடைசியில் ஜெமினி கணேசன் தன் குழந்தையைப் பழைய காதலியின் கையில் கொடுத்துவிட்டுத் தனியாக நடந்து போவார். படம் சக்கைப்போடு போட்டது. அடுத்து 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. பழைய காதலியின் கணவனுக்குப் புற்றுநோய். வைத்தியம் பார்க்க வேண்டியவன் பழைய காதலன். கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் மூவருமே மனதில் நிற்பார்கள். கணவனைப் பிழைக்க வைத்துவிட்டு டாக்டர் செத்துப்போவார்.

இந்த இரண்டு படங்களும் இந்திக்குப் போயின. ராஜ் கபூர், வைஜெயந்திமாலா நடிக்க 'நஸ்ரானா' 1961-ல் வந்தது. ராஜேந்திர குமார், மீனா குமாரி, ராஜ்குமார் நடிக்க 'தில் ஏக் மந்திர்' 1963-ல் வந்தது. இயக்கியதும் ஸ்ரீதரே. வடக்கத்தி ரசிகர்கள் அழுவார்களே என்று அவர் டாக்டரைப் பிழைக்க வைக்கவில்லை. பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' படம் 1983-ல் 'வோ சாத் தின்' ஆனபோதும் பாட்டு வாத்தியார் தாலியை மதித்து வெளியேறத்தான் செய்தார். ஒரு காலத்தில் பாலிவுட்டுக்கு முக்கோணக் காதலின் கண்ணீரைச் சப்ளை செய்த ஊர் இது. இப்போது அங்கிருந்து வரும் படத்தின் கண்ணீரைத் துடைத்துவிட்டு நமக்கு அனுப்புகிறார்கள்!

மதுரைக்காரர்கள் 'காதல்' படத்தை மறந்திருக்க மாட்டார்கள். 2004-ல் பாலாஜி சக்திவேல் எடுத்தது. மெக்கானிக் முருகன் கடைசியில் ரோட்டில் புத்தி பேதலித்துத் திரிகிறான். அவனைக் கண்டு கதறும் மனைவியைப் புரிந்துகொண்டு கூட நிற்பவர் அவளுடைய கணவர். அந்தக் கணவருக்குப் படத்தில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். முக்கோணத்தின் மூன்றாவது ஆளுக்கு அவ்வளவு மரியாதை தந்த படங்கள் குறைவு. முருகனுக்குப் புத்தி தெளிந்துவிட்டதாக யாராவது நாளைக்கு ஒரு காட்சியைச் செய்து ஒட்டினால், அந்தக் கணவர் என்ன ஆவார்?

ஒரே படத்துக்கு இரண்டு முடிவு என்பது புதிதல்ல. 1998-ல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'ஹரிகிருஷ்ணன்ஸ்'. ஜூஹி சாவ்லா யாரைத் தேர்ந்தெடுக்கிறார்? சில தியேட்டர்களில் மம்மூட்டியை, சில தியேட்டர்களில் மோகன்லாலை! அது ஒரு வேடிக்கை. ஆனால், அந்த இரண்டு முடிவிலும் நடிகர்கள் கேமரா முன்னால் நின்று நடித்தார்கள்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாவின் 'ஆசிரியர்' இயக்குநர் அல்ல, தயாரிப்பாளர். படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையைத் தருவது 57-வது பிரிவு. அதுவும் ஆசிரியருக்குத்தான். ஆக, சினிமாவைப் பொறுத்தவரை இயக்குநர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். 2010-ல் வந்த திருத்த மசோதாவில் முதன்மை இயக்குநரையும் கூட்டு ஆசிரியராக்கலாம் என்று இருந்தது. 2012-ல் சட்டமானபோது அது காணாமல் போனது.

அதே 2012 திருத்தத்தில் நடிகர்களுக்கு ஒரு கதவு திறந்தது. 38பி என்ற பிரிவு. தன் நடிப்பைத் தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி திரித்தால், மாற்றினால் நடிகர் எதிர்க்கலாம், இழப்பீடு கேட்கலாம். அந்தப் பிரிவை எழுதியபோது நடிகர் நடிக்கவே நடிக்காத காட்சியில் அவர் முகம் எழுந்து உட்காரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

ஹாலிவுட் நடிகர்கள் 2023-ல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். முடிவில் போட்ட ஒப்பந்தத்தில், டிஜிட்டல் நகலைப் பயன்படுத்த நடிகரின் சம்மதம் வேண்டும் என்ற வரியை வாங்கிக்கொண்டுதான் படப்பிடிப்புக்குத் திரும்பினார்கள். தனுஷும் தன் அறிக்கையில் கடுமையான விதிமுறைகள் வேண்டும் என்றே கேட்டிருந்தார். இங்கே பழைய படங்களை ரீ-ரிலீஸ் செய்யும் சீசன் ஓய்வதாகத் தெரியவில்லை. அலமாரியில் இருக்கும் படங்களில் செத்துப்போன ஹீரோக்களும் நிறையப் பேர்.