பாடநூல் ஓரத்துக் கறுப்புக் கட்டம்

தமிழ்நாட்டில் 2018இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களில், பாடத்தின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று அச்சாகியிருக்கும். அதுதான் க்யூஆர் கோடு. கைப்பேசியைக் காட்டினால் திக்‌ஷா தளத்தில் பாடத்துக்கான வீடியோ திறக்கும். வீடியோ கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மாணவர்கள் நினைப்பது இயல்பு. அந்த எண்ணத்தைத் தெளிவாக்குவதிலிருந்தே கணினிப் பாடத்தைத் தொடங்கலாம்.

ஒரு க்யூஆர் கோடில் எண்களாக மட்டும் எழுதினாலும் 7,089 இலக்கங்களுக்கு மேல் அடங்காது. சில நிமிட வீடியோவுக்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு இடமும் போதாது. கட்டத்தில் இருப்பது ஓர் இணைய முகவரிதான். வீடியோ இருப்பது எங்கோ ஒரு சர்வரில். கைப்பேசி முகவரியைப் படித்து, இணையம் வழியே அங்கே கேட்டு வாங்குகிறது. தரவு, இணைப்பு, சர்வர் மூன்றும் இந்த ஒரே செயலில் விளங்கிவிடுகின்றன.

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, வாகன உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க க்யூஆர் கோடை உருவாக்கியது. கோடுகளாலான பார்கோடில் ஏறத்தாழ 20 எழுத்துகளே அடங்கின, அது போதவில்லை. புதிய குறியீட்டின் மூன்று மூலைகளில் பெரிய சதுரங்களை வைத்தார்கள். அவற்றின் நடுவே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அதைக் கொண்டு கேமரா குறியீட்டைக் கண்டுபிடிக்கிறது. நான்காம் மூலையில் பெரிய சதுரம் இல்லாததால், தலைகீழாகப் பிடித்தாலும் மேல் எது, கீழ் எது என்று அதற்குத் தெரிந்துவிடும்.

வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். கட்டத்தின் நடுவில் சிறு காகிதத் துண்டை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் படித்துவிடும். செய்தியோடு சேர்த்து, அதைச் சரிபார்க்கக் கூடுதல் தரவும் எழுதப்பட்டிருப்பதே காரணம். இதற்குப் பிழைதிருத்தம் என்று பெயர். நான்கு நிலைகள் கொண்ட இந்த ஏற்பாடு, சுமார் 7 சதவீதம் முதல் 30 சதவீதம் வரையிலான சேதத்தைத் தாங்கும். அடுத்து, மூலைச் சதுரம் ஒன்றை முழுதாக மூடுங்கள். அடையாளமே மறைவதால் கேமரா பெரும்பாலும் தடுமாறும்.

இன்னொன்றையும் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும். க்யூஆர் கோடை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். கடையில் ஒட்டியிருப்பதன் மேல் வேறொன்றை ஒட்டவும் முடியும். கட்டத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல நம் கண்ணால் இயலாது. அதனால் திரையில் தோன்றும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்த பிறகே திறக்க வேண்டும். பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரைப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் கைவந்த மாணவரே புதிய எழுத்தறிவு பெற்றவர்.