உணவுக் கொழுப்பில் நல்லதும் தீயதும்

கண்டி–யாழ்ப்பாணம் வீதியிலிருந்து நெடுங்கேணி, முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பாதை பிரியுமிடத்தில் அமைந்துள்ளது புளியங்குளம். குளத்து நீரை நம்பி நெல்லும், மழையை நம்பி மேட்டு நிலப் பயிர்களும் செய்துவரும் கமக்காரர் இப்பகுதியில் வாழ்கின்றனர். போரினால் இடம்பெயர்ந்து, 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக் குடியேறிய குடும்பங்கள் பல. காடு வெட்டிக் கிணறு இறைத்து மீண்டும் கமத்தை நிலைநிறுத்திய இம்மக்கள், தங்கள் அடுப்பில் ஏறும் எண்ணெய் எத்தகையது என்பதையும் ஆராய்ந்தறிதல் அவசியமாகும். ஏனெனில், இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு இருதய நோய் பல ஆண்டுகளாக முதன்மைக் காரணமாக இருந்து வருகிறது. குடும்பத்தின் உழைப்பாளி நடுவயதில் நோயுற்றால் வயலும் தரிசாகும். பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும்.

கொழுப்பின் அவசியம்

கொழுப்பை அடியோடு விலக்க வேண்டும் என எண்ணுவது தவறு. ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரி சக்தியைத் தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. விற்றமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பின் துணையுடனேயே உடலில் நன்கு சேர்கின்றன. முருங்கை இலையைத் தேங்காய்ப்பூவுடன் வறை செய்து உண்ணும் நமது வழக்கம் இவ்வகையில் மிகவும் பொருத்தமானது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு இன்றியமையாதது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதனைக் குறைத்தல் ஆகாது. பூப்பெய்திய பெண்களுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்த முன்னோர், வளரும் உடலுக்குக் கொழுப்பும் புரதமும் வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

எனினும், கொழுப்புகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல.

நிரம்பியதும் நிரம்பாததும்

மார்கழி மாதக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்து நிற்பதையும், அருகில் உள்ள நல்லெண்ணெய் உறையாதிருப்பதையும் யாவரும் கண்டிருப்பர். எளிதில் உறையும் எண்ணெயில் நிரம்பிய கொழுப்பு மிகுந்துள்ளது. திரவமாகவே நிற்பதில் நிரம்பாத கொழுப்பு மிகுந்துள்ளது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கும், நெய்யில் 60 பங்குக்கு மேலும், பாம் எண்ணெயில் ஏறக்குறைய 50 பங்கும் நிரம்பிய கொழுப்பாகும். கச்சான் எண்ணெயில் இது ஏறக்குறைய 18 பங்கு. நல்லெண்ணெயில் ஏறக்குறைய 14 பங்கு மாத்திரமே.

நிரம்பிய கொழுப்பை மிதமிஞ்சி உண்போரின் குருதியில் எல்.டி.எல். எனப்படும் தீய கொலஸ்திரோல் அதிகரிக்கிறது. அது நாடிகளின் உட்சுவரில் படிந்து, குருதி செல்லும் வழியை ஒடுக்கி, மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் காரணமாகின்றது. நிரம்பிய கொழுப்பின் இடத்தில் நிரம்பாத கொழுப்பை உண்டால் அத்தீய கொலஸ்திரோல் குறைகிறது.

கடையில் வாங்கும் எண்ணெய்ப் போத்தல்களில் 'கொலஸ்திரோல் அற்றது' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குதல் கூடாது. தாவர எண்ணெய்களில் கொலஸ்திரோல் இயல்பாகவே இல்லையெனலாம். அதிலுள்ள நிரம்பிய கொழுப்பு எவ்வளவு என்பதே கவனிக்க வேண்டியது.

இயந்திரம் ஆக்கிய கொழுப்பு

ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் நோர்மன் என்னும் இரசாயன அறிஞர், நிக்கலின் துணையுடன் எண்ணெயில் ஐதரசனைச் செலுத்தி அதனைக் கட்டியாக்கும் முறைக்கு 1902ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். மலிவான எண்ணெய் வெண்ணெய் போல் உறைந்து, நெடுநாள் கெடாமல் இருந்தமையால் உலகெங்கும் இம்முறை பரவிற்று. அயல்நாடாகிய இந்தியாவில் வனஸ்பதி என்ற பெயரில் இது வீடுதோறும் புகுந்தது. ஆயின், எண்ணெயைப் பகுதியளவில் ஐதரசனேற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு என்னும் வேறொரு பொருளும் உண்டாகின்றது. இது தீய கொலஸ்திரோலைக் கூட்டுவதுடன் நல்ல கொலஸ்திரோலைக் குறைக்கவும் செய்கிறது என்பதை 1990ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களான மென்சிங்க், கட்டன் ஆகியோர் எடுத்துக்காட்டினர். தொழிற்சாலைகளில் உண்டாகும் இக்கொழுப்பை உணவிலிருந்து முற்றாக நீக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இந்தியா 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதனை நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படாதவாறு வரையறுத்தது.

பிஸ்கற், கேக், பேஸ்ற்றி ஆகியவற்றின் உறையில் 'பகுதியாக ஐதரசனேற்றிய எண்ணெய்' எனக் குறிப்பிடப்பட்டிருந்தால் அதனைத் தவிர்ப்பது நன்று. ஒரே எண்ணெயில் பன்முறை பொரித்த வடை, வாய்ப்பன், ரோல்ஸ் முதலியவையும் தீங்கானவை. எண்ணெய் கறுத்து, தடித்து, நுரைத்து, அடுப்பில் வைத்த சிறிது நேரத்தில் புகைக்கத் தொடங்கினால், அது உணவுக்கு உதவாது என்று கொள்ளவேண்டும்.

தேங்காயை விலக்க வேண்டுமா?

தேங்காய் இல்லாத சமையல் நமது வீடுகளில் இல்லை. அதனை விலக்க வேண்டியதில்லை. அளந்து பயன்படுத்தினாற் போதும். வளர்ந்தவர்கள் நாளாந்தம் பெறும் சக்தியில் மொத்தக் கொழுப்பிலிருந்து வருவது நூற்றுக்கு 30 பங்குக்கும், நிரம்பிய கொழுப்பிலிருந்து வருவது 10 பங்குக்கும், டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வருவது 1 பங்குக்கும் மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு நிரம்பிய கொழுப்பின் எல்லை ஏறக்குறைய 22 கிராம் ஆகும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயே இவ்வெல்லையை எட்டிவிடும். அதே அளவு நல்லெண்ணெயில் உள்ள நிரம்பிய கொழுப்பு ஏறக்குறைய 4 கிராம் மாத்திரமே.

100 கிராம் தேங்காய்ப்பூவில் கொழுப்பு ஏறக்குறைய 33 கிராம் உண்டு. ஆயினும் சம்பலாகவும் வறையாகவும் உண்ணும்போது அதன் நாரும் உடன் சேர்கின்றது. ஆகவே, சொதிக்கும் சம்பலுக்கும் தேங்காயை அளவோடு வைத்துக்கொண்டு, தாளிப்பதற்கும் வதக்குவதற்கும் நல்லெண்ணெயையோ கச்சான் எண்ணெயையோ பயன்படுத்துதல் சிறந்த வழியாகும்.

வயலில் விளையும் எண்ணெய்

நல்ல எண்ணெய்க்காகப் புளியங்குளத்து மக்கள் தூர தேசத்தை நாட வேண்டியதில்லை. எள்ளு வன்னி மண்ணுக்கு உகந்த பயிர். ஏறக்குறைய மூன்று மாதத்தில் முதிர்ச்சியடைவதோடு வரட்சியையும் தாங்கும். நீர் தேங்குவதை மாத்திரம் அது பொறுக்காது. சிறுபோகத்தில் குளத்து நீர் போதாத இடங்களிலும் மேட்டு நிலங்களிலும் இதனைச் செய்கை பண்ணலாம். எள்ளில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெயாகும். செசமின் முதலிய இயற்கைப் பொருட்கள் இருப்பதால் நல்லெண்ணெய் விரைவில் காறிப்போவதில்லை.

அறுவடையானவுடன் எள்ளு முழுவதையும் விற்றுவிட்டு, பின்னர் விலைகொடுத்துக் கடை எண்ணெய் வாங்கும் குடும்பம் இக்கணக்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 40 கிராம் நல்லெண்ணெய் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 14½ கிலோ போதுமானது. செக்கில் ஆட்டும்போது எண்ணெயில் ஒரு பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். ஒரு கிலோ எள்ளிலிருந்து 400 கிராம் எண்ணெய் கிடைப்பதாகக் கொண்டால், ஆண்டுத் தேவைக்கு ஏறக்குறைய 36½ கிலோ எள்ளு வேண்டும். ஓர் ஏக்கரில் 200 கிலோ விளைந்தாலும் இது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவே. எஞ்சியதைச் சந்தைப்படுத்தலாம், பிண்ணாக்கு மாட்டுக்குத் தீனியாகும்.

காயவைத்தலும் பாதுகாத்தலும்

கச்சானை ஈரத்துடன் மூடை கட்டினால் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுத்து அங்கு புற்றுநோயை ஏற்படுத்தவல்லது. சமையல் வெப்பத்தாலும் முற்றாக நீங்காது. எனவே, அறுவடை செய்த கச்சானைப் பாயிலோ சீமெந்துத் தளத்திலோ பரப்பி, கோதை அசைத்தால் பருப்புக் கலகலக்கும்வரை நன்கு காயவைக்க வேண்டும். சுருங்கியவற்றையும் பூஞ்சணம் பிடித்தவற்றையும் பொறுக்கி எறிந்த பின்னரே செக்குக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். தேங்காயைக் கொப்பராவாக்குவோரும் இவ்வாறே கவனமெடுத்தல் அவசியம். ஆட்டிய எண்ணெயைத் தெளியவிட்டு, ஈரமற்ற பாத்திரத்தில் இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. எள்ளு விளைவிப்போர் விற்குமுன் வீட்டுத் தேவைக்குரிய பங்கை ஒதுக்கி வைத்தல் வேண்டும்.
2. எந்த எண்ணெயாயினும் கரண்டியால் அளந்து ஊற்றவேண்டும். நல்ல எண்ணெயும் மிகுந்தால் உடற் பருமனுக்கு ஏதுவாகும்.
3. பொரியலை வாரத்தில் ஓரிரு நாட்களுக்கு மட்டுப்படுத்துதல் நன்று. பொரித்த பழைய எண்ணெயுடன் புதிய எண்ணெயைக் கலத்தல் ஆகாது.
4. நல்லெண்ணெயில் மிகக் குறைவாகவே உள்ள ஒமேகா-3 என்னும் கொழுப்பைப் பெற, சூடை, சாளை போன்ற மீன்களை வாரத்தில் இரு முறை கறியாக்கி உண்ணலாம்.
5. பிள்ளைகளுக்குப் பைகளில் அடைத்த தின்பண்டங்களுக்குப் பதிலாக அவித்த கச்சானையும் சிறிதளவு எள்ளுருண்டையையும் கொடுக்கலாம்.
6. இருதய நோய், நீரிழிவு உள்ளோர் தம் உணவைப் பற்றி வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

எள்ளு, கச்சான் ஆகியவற்றின் விதையினம், விதைக்கும் காலம், பசளை பற்றிய விவரங்களை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளலாம். அடுத்த சிறுபோகத்துக்கு நிலத்தைப் பண்படுத்தும்போது, வீட்டுக்கு வேண்டிய எண்ணெய்க்கென ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கும் கமக்காரர் தம் குடும்பத்தின் சுகத்துக்கும் அன்றே விதையிட்டவராவர்.