நிரலின் கடைசியில் 'கெட்ச்' போட்டது ஏன் தெரியுமா?

காலேஜ் லேபில் பார்த்த டர்போ சி++ நீலத் திரை ஞாபகம் இருக்கா? நிரலின் தொடக்கத்தில் திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் 'கெட்ச்'. ரெக்கார்டு நோட்டிலும் அப்படியே எழுதினோம். ஆனால் ஏன்?

ஒரு நேரத்தில் ஒரே வேலை

1981-இல் ஐபிஎம் பிசியுடன் வந்த டாஸ், ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே ஓட்டும். எடிட்டரை மூடினால்தான் கம்பைலரை ஓட்ட முடியும். பிழை வந்தால் மறுபடி எடிட்டரைத் திறக்கணும். 1983-இல் போர்லேண்ட் நிறுவனத்தின் டர்போ பாஸ்கல், எடிட்டரையும் கம்பைலரையும் ஒரே நிரலுக்குள் வைத்து இந்த அலைச்சலைக் குறைத்தது. 1990-இல் வந்த டர்போ சி++ அதே வழிதான்.

அப்போ 'கெட்ச்' எதுக்கு?

ரன் கொடுத்ததும் டர்போ சி++ தன் திரையை உங்கள் நிரலுக்கு விட்டுக்கொடுக்கும். நிரல் முடிந்த நொடியே திரும்ப வாங்கிக்கொள்ளும். விடையைப் பார்க்கவே நேரம் இருக்காது. 'கெட்ச்' ஒரு விசை அழுத்தப்படும் வரை நிரலைக் காக்க வைக்கும், அவ்வளவுதான். முந்தைய ரன்னின் விடை அதே திரையில் தங்கிவிடும் என்பதால்தான் தொடக்கத்தில் துடைத்தோம்.

முடிவில்லா லூப் வந்தால்?

சிக்கல் இங்கேதான். கட்டுப்பாடு உங்கள் நிரலிடம் இருக்கும்போது, அதைப் பிடுங்க டாஸால் முடியாது. கன்ட்ரோல்-பிரேக் எல்லா நேரமும் கைகொடுக்காது. கணினியையே ரீஸ்டார்ட் செய்தால், சேமிக்காத கோடு போச்சு. நினைவகத்துக்கும் பாதுகாப்பு கிடையாது: தவறான பாயின்டர் ஒன்று, டாஸ் இருக்கும் இடத்திலேயே எழுதிவிடலாம்.

1985-இல் வந்த இன்டெல் 386 சிப்பில் இதற்கான வசதிகள் இருந்தன. ஆனால் 32-பிட் நிரல்களிடமிருந்து கட்டுப்பாட்டைத் தானே திரும்பப் பெறும் முறை, விண்டோஸ் 95-இல்தான் வீட்டுக் கணினிகளுக்குப் பரவலாக வந்தது.

இன்று உங்களுக்கு என்ன?

64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்கள் ஓடாது. அதனால் பல லேப்களில் டாஸ்பாக்ஸ் என்ற போலிக் கணினிக்குள் டர்போ சி++ ஓடியது. அந்தப் பழக்கத்தில் ஆன்லைன் கோடிங் தேர்வில் 'கோனியோ' ஹெடரைச் சேர்த்தால், லினக்ஸ் ஜிசிசி கம்பைலர் பிழைதான் காட்டும். அது சி++ தரநிலையில் உள்ள ஹெடரே அல்ல. அந்தத் தரநிலை வந்ததே 1998-இல்தான்.

பிழை உங்கள் லாஜிக்கில் இல்லாமல் இருக்கலாம். 'கெட்ச்' வரியையும் அந்த ஹெடரையும் நீக்கிவிட்டு, மறுபடி ரன் கொடுத்துப் பாருங்க.