பிடி தேடும் கொடிகள்

தாமிரபரணி கடலை நெருங்கும் ஆத்தூர்ப் பக்கம் போனால் கொடிக்கால்களைப் பார்க்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளையும் தோட்டங்கள் அவை. அங்கே முதலில் விதைப்பது அகத்தியை. அது வளர்ந்து நின்றால்தான் வெற்றிலைக்கொடிக்கு ஏற இடம்.

கொடியின் கணுவை உற்றுப் பாருங்கள். குட்டையான வேர்கள் கிளம்பி அகத்தியின் பட்டையில் அப்பிக்கொண்டிருக்கும். இவை அகத்தியின் சாற்றை உறிஞ்சுவதில்லை, பிடிமானத்துக்கு மட்டும்தான். தண்ணீரும் சத்தும் மண்ணிலிருந்தே வருகின்றன. இளங்கொடி சரியாமலிருக்க வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுவதும் உண்டு.

வீட்டுப் பந்தலில் படரும் பாகலுக்கும் புடலைக்கும் வழி வேறு. அவற்றின் பற்றுக்கம்பி காற்றில் மெல்ல வட்டமடித்துத் தேடும். குச்சி ஒன்று தட்டுப்பட்டால், தொட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் வேகமாக நீளும். அதனால் கம்பி குச்சியைச் சுற்றி வளைந்துவிடும். பிறகுதான் அருமையான வேலை! நடுப்பகுதி ஸ்பிரிங் போலச் சுருண்டு, கொடியைக் குச்சியின் அருகே இழுக்கும். ஆடிக்காற்றில் பந்தலே ஆடினாலும் கொடி எளிதில் அறுவதில்லை, சுருள் நீண்டு கொடுக்கும்.

அந்தச் சுருளை நிதானமாகக் கவனியுங்கள். ஒரு பகுதி ஒரு திசையிலும் மறுபகுதி எதிர்த்திசையிலும் சுற்றியிருக்கும். இரு முனையும் பிடிபட்ட கம்பி, முறுக்கேறாமல் சுருள அதுதான் வழி என்பதை, 1865-இல் வெளியான தம் ஏறுகொடி ஆய்வில் சார்லஸ் டார்வின் விளக்கியிருக்கிறார்.